நீலகிரித் தைலமும் தரமணிக் கீழாநெல்லியும்

எங்க வீட்டு அலமாரியில் ஒரு சின்ன பாட்டில் எப்பவும் இருக்கும். நீலகிரித் தைலம். ஊட்டிக்கு டூர் போன சொந்தக்காரங்க யாராவது வாங்கிட்டு வந்து கொடுத்திருப்பாங்க. வர்க்கி, டீத்தூள், தைலம், இந்த மூணும் இல்லாம மணவாளக்குறிச்சிக்காரன் எவனும் ஊட்டியில் இருந்து திரும்பினதா சரித்திரமே கிடையாது. ஜலதோஷம்னா நாலு சொட்டு வெந்நீரில் விட்டு, தலைக்கு மேலே போர்வையைப் போட்டு வேது பிடிக்கணும். (மத்த ஊர்ல ஆவி பிடிக்கிறதுன்னு சொல்றதைத்தான் எங்க பக்கம் வேதுன்னு சொல்லுவோம்.) தைலம் கிடைக்காத காலத்துல நொச்சி இலை.

இந்தத் தைலத்தோட கதையை எழுதணும்னு 2021-லிருந்தே எனக்கு ஒரு நினைப்பு. தள்ளிப் போட்டுக்கிட்டே வந்ததுக்குக் காரணம், அந்தக் கதையில் நான் செஞ்ச ஒரு முட்டாள்தனமும் வருது. சரி, அதையே முதல்ல சொல்லித் தொலைச்சிடறேன்.

2021 மே மாசம். கொரோனா இரண்டாவது அலை. நான் ஊரில் இருந்து லேப்டாப்பில் வேலை பார்த்துட்டிருந்தேன். அப்பாவுக்குக் காய்ச்சல். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு மருந்து சொல்றாங்க. எஞ்சினியராச்சே, நான் சும்மா இருப்பேனா? இணையத்தில் தேடினேன். ஜெர்மனி நாட்டு ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் இருந்து 2001-ல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரையின் சுருக்கம் கிடைச்சுது. யூகலிப்டஸ் எண்ணெய் வைரஸைக் கட்டுப்படுத்துதுன்னு தெளிவா ஒரு வரி. அந்த வரிக்கு மட்டும் மஞ்சள் பூசி, படம் எடுத்து, "இது ஜெர்மன் யூனிவர்சிட்டி ஆராய்ச்சி. வாட்ஸ்அப் புருடா இல்லை" என்று குழுவில் போட்டேன்.

அப்பாவுக்கு ஒரே பெருமை. "படிச்ச பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும் மக்களே" என்று சொல்லி, ஒரு நாளைக்கு அஞ்சு தடவை வேது பிடிச்சார். டெஸ்ட் எடுக்கலாம்பான்னு அம்மா சொன்னப்போ, "ரெண்டு நாள் பார்ப்போம், வேது பிடிச்சா மூச்சு நல்லாத்தான வருது" என்றார். அந்த ரெண்டு நாள்தான் கணக்கு. அஞ்சாம் நாள் பக்கத்து வீட்டில் இருந்து விரலில் மாட்டுற ஆக்சிமீட்டரை இரவல் வாங்கி வச்சுப் பார்த்தா 89. அதுக்கப்புறம் ஆம்புலன்ஸ், ஆக்சிஜன் படுக்கை, ஒன்பது நாள்.

பிழைச்சுட்டார். அதனாலதான் இதை எழுத முடியுது.

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்த அந்த ஒன்பது நாளில்தான், நான் மஞ்சள் பூசின அந்தச் சுருக்கத்தை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை ஒழுங்காப் படிச்சேன். நான் சொன்னது பொய் இல்லைங்க. ஆனா அந்தக் கட்டுரை கேட்ட கேள்வி வேற, நான் எடுத்துக்கிட்ட பதில் வேற. ஒரு செடியின் எண்ணெய் வைரஸைக் கொல்லுமான்னு ஆய்வுக்கூடத்தில் எப்படிப் பார்க்கிறாங்க, அந்தச் சோதனை எங்கிருந்து வந்தது, அதுக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கலாம், இதெல்லாம் அதுக்கப்புறம் தேடித் தெரிஞ்சுக்கிட்டது.

மரத்தில் இருந்தே ஆரம்பிக்கலாம். தைலமரம் நம்ம ஊர் மரம் கிடையாது, ஆஸ்திரேலியா சரக்கு. 1790 வாக்கில் திப்பு சுல்தான் நந்தி மலைத் தோட்டத்தில் நட்டதாச் சொல்லுவாங்க. நீலகிரிக்குக் கொண்டு வந்தது 1843-ல், மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் காட்டன். தைலத்துக்காக இல்லை. மலையில் குடியேறின வெள்ளைக்காரங்களும் ராணுவமும் குளிருக்கு எரிச்சே சோலைக்காடுகளைக் காலி பண்ணிக்கிட்டிருந்தாங்க. சீக்கிரம் வளர்ற விறகு வேணும். மரம் விறகுக்கு வந்தது, இலை தைலத்துக்குப் போச்சு. அதே சமயத்தில் மெல்போர்னில் ஜோசப் போசிஸ்டோ என்ற மருந்துக்கடைக்காரர் 1850-களின் தொடக்கத்திலேயே இந்த இலையைக் காய்ச்சி வடிச்சு வியாபாரம் ஆரம்பிச்சுட்டார்.

காய்ச்சி வடிக்கிறது பெரிய ரகசியம் இல்லை. இலைக்குள்ளே நீராவியைச் செலுத்தினா எண்ணெய் ஆவியோடு சேர்ந்து மேலே வரும். குளிர வச்சா தண்ணி கீழே, எண்ணெய் மேலே மிதக்கும். அந்த எண்ணெயில் பெரும்பங்கு 1,8-சினியோல் என்ற ஒரே பொருள்தான். மூக்கைத் துளைக்கிற அந்த மணம் அதோடதுதான்.

அந்த மணத்துக்கு 19-ஆம் நூற்றாண்டில் பெரிய மரியாதை. மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே 'கெட்ட காற்று' என்றுதான் அர்த்தம். நாத்தம் பிடிச்ச காற்றில் இருந்து காய்ச்சல் வருதுன்னா, நல்ல மணம் வீசுற மரத்தை நட்டா காய்ச்சல் ஓடிடும் இல்லையா? இத்தாலியிலும் அல்ஜீரியாவிலும் சதுப்பு நிலங்களில் 'காய்ச்சல் மரம்' என்று பெயர் வச்சு இதை நட்டாங்க. சில இடங்களில் காய்ச்சல் குறையவும் செஞ்சது. ஆனா காரணம் மணம் இல்லை. மரம் தண்ணியை உறிஞ்சிச் சதுப்பைக் காய வச்சது. 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடிச்ச பிறகுதான் விஷயம் விளங்கிச்சு. பலன் உண்மையாவே இருக்கலாம், அதுக்கு நாம சொல்ற காரணம் தப்பா இருக்கலாம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

அடுத்து 1918. இன்ஃபுளுவென்சா. இந்தியாவில் மட்டும் 1.2 கோடியில் இருந்து 2 கோடிப் பேர் வரை செத்திருப்பாங்கன்னு கணக்குச் சொல்றாங்க. உலகம் பூரா கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலம் தெளிச்சு மூக்கில் வச்சுக்கிட்டு அலைஞ்ச காலம் அது. தைலம் அந்த நோயைத் தடுத்துதான்னு அப்போ யாராலும் சோதிச்சிருக்கவே முடியாது. ஏன்னா அது எந்தக் கிருமின்னே தெரியாது. பல மருத்துவர்கள் அதை ஒரு பாக்டீரியான்னு நம்பிக்கிட்டிருந்தாங்க. மனிதனைத் தாக்குற இன்ஃபுளுவென்சா வைரஸை லண்டனில் தனியாப் பிரிச்சதே 1933-ல்தான்.

பாக்டீரியாவைச் சோதிக்கிறது சுலபம். சத்துக் கூழில் அது பாட்டுக்கு வளரும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டா சுத்தி வளராம வட்டம் விழும், ஸ்கேல் வச்சு அளந்துடலாம். வைரஸ் அப்படி இல்லை. அதுக்கு உயிருள்ள செல் வேணும், அதுக்குள்ளே புகுந்தாத்தான் பெருகும். ஆக வைரஸ் மருந்துச் சோதனைக்கு முதல் தேவை, உடம்புக்கு வெளியே செல்லை வளர்க்கிற வித்தை. 1949-ல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் என்ற மூணு அமெரிக்கர்கள் போலியோ வைரஸைக் குழாயில் வளர்த்த செல்களில் பெருக்கிக் காட்டினாங்க. 1952-ல் ரெனாட்டோ டல்பெக்கோ அதை எண்ணுறதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார். 1962-ல் ஜப்பானில் ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்தில் இருந்து எடுத்த 'வீரோ' செல் வந்தது. இன்னைக்கு வரைக்கும் உலகத்தில் பாதி வைரஸ் லேப்கள் இதை வச்சுத்தான் பிழைப்பு நடத்துது.

டல்பெக்கோவின் வழியைக் கொஞ்சம் விளக்கணும். தட்டையான ஒரு தட்டின் அடியில் செல்கள் ஒண்ணோடொண்ணு ஒட்டி, ஒரு தோசை மாதிரி மெல்லிசாப் பரவியிருக்கும். அதன் மேல் கொஞ்சம் வைரஸை விட்டு, மேலே கூழ் மாதிரி ஒண்ணை ஊத்தி மூடிடுவாங்க. ஒரு வைரஸ் ஒரு செல்லுக்குள் புகும், பெருகும், பக்கத்துச் செல்லைத் தாக்கும். கூழ் இருக்கிறதால தூரமாப் போக முடியாது. ரெண்டு மூணு நாள் கழிச்சுச் சாயம் ஊத்தினா, உயிரோட இருக்கிற செல்கள் நிறமாகவும், செத்த இடம் வெள்ளை ஓட்டையாகவும் தெரியும். தோசையில் விழுற ஓட்டை மாதிரியே. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு வைரஸில் ஆரம்பிச்சது. இந்த ஓட்டைக்குப் பெயர் பிளாக். இப்போ எண்ணெய் சேர்த்து ஒரு தட்டு, சேர்க்காம ஒரு தட்டு. ஓட்டை எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு எண்ணிடலாம்.

வாசனை எண்ணெயை வச்சு இதைச் செய்யறதில் தனியான தலைவலிகள் உண்டு. எண்ணெய் தண்ணியில் கரையாது, ஆல்கஹால் மாதிரி ஒரு கரைப்பானில் கலந்து விடணும். அந்தக் கரைப்பானே செல்லைக் கொன்னுடக் கூடாது. எண்ணெய் ஆவியாகி ஓடிடும். பக்கத்துக் குழியில் போய் அங்கே இருக்கிற சோதனையையும் கெடுக்கும். ஒரே மரத்து எண்ணெய் கூட மண்ணுக்கும் பருவத்துக்கும் தகுந்த மாதிரி மாறும். அதனால எந்த எண்ணெய், அதில் எது எவ்வளவு இருக்குன்னு அளந்து எழுதாத கட்டுரையை நம்பிப் பிரயோசனமில்லை.

இப்போ நான் மஞ்சள் பூசின கட்டுரைக்கு வர்றேன். ஹைடல்பர்க்கைச் சேர்ந்த ஷ்னிட்ஸ்லர், ஷோன், ரைக்லிங் மூணு பேரும் டீ ட்ரீ எண்ணெயையும் யூகலிப்டஸ் எண்ணெயையும் குரங்கின் சிறுநீரகச் செல்களில் சோதிச்சாங்க. முதல் விஷயம், வைரஸ் எது? ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ். வாயோரத்தில் கொப்புளம் போட வைக்குமே, அது. கொரோனா இல்லை, சளிக் காய்ச்சல் வைரஸ் கூட இல்லை. இது முதல் வரியிலேயே இருந்தது. நான் கவனிக்கலை.

ரெண்டாவது, அளவு. ஓட்டைகளைப் பாதியாக் குறைக்க யூகலிப்டஸ் எண்ணெய் 0.009 சதவீதம் தேவைப்பட்டது (ஹெர்ப்பிஸின் முதல் வகைக்கு). ஆகா, இவ்வளவு கொஞ்சமான்னு தோணும். ஒரு லிட்டர் தண்ணியில் ரெண்டு சொட்டு கூட இல்லை. ஆனா அதே சுருக்கத்தில் இன்னொரு எண் இருக்கு. வைரஸே இல்லாத ஆரோக்கியமான செல்களில் பாதியைக் கொல்ல 0.03 சதவீதம் போதும். அதாவது வைரஸை அடிக்கிற அளவுக்கும் நம்ம செல்லையே அடிக்கிற அளவுக்கும் இடைவெளி சுமார் 3 மடங்குதான். மருந்துன்னு ஒண்ணை ஒத்துக்கிறதுக்கு இந்த இடைவெளி பல மடங்கு பெருசா இருக்கணும்னு எதிர்பார்ப்பாங்க. செல்லுக்குச் சேதமில்லாத அளவில் எண்ணெயைக் கொடுத்தப்போ வைரஸ் 57.9 சதவீதம் குறைஞ்சது. பரீட்சை மார்க்குன்னா முதல் வகுப்புக்குக் கிட்டத்தட்ட வந்தாச்சு. வைரஸ் உலகத்தில் 10 மடங்கு, 100 மடங்கு, 1000 மடங்கு குறைஞ்சதான்னுதான் கேட்பாங்க. பாதிக்குக் கொஞ்சம் கூட என்பது, ஒரு செல்லில் இருந்து கூட்டம் கூட்டமா வெளியே வர்ற ஒரு கிருமிக்கு ஒரு பொருட்டே இல்லை.

மூணாவதுதான் முக்கியம். எண்ணெயை எப்போ சேர்க்கிறது? அவங்க நாலு விதமாச் செஞ்சு பார்த்தாங்க. செல்லுக்கு முன்கூட்டியே எண்ணெய் கொடுத்து அப்புறம் வைரஸை விட்டாங்க. வைரஸையும் எண்ணெயையும் தனியாக் கலந்து வச்சுட்டு அப்புறம் செல் மேல் விட்டாங்க. வைரஸ் செல்லில் ஒட்டிக்கிற நேரத்தில் விட்டாங்க. வைரஸ் உள்ளே புகுந்த பிறகு விட்டாங்க. தெளிவான பலன் எதில் தெரியுமா? வைரஸையும் எண்ணெயையும் முன்னாடியே கலந்து வச்சதில். செல்லுக்குள் புகுந்த பிறகு எண்ணெயால் ஒண்ணும் ஆகலை. கட்டுரையே இதைத்தான் சொல்லுது.

அதாவது திருடன் தெருவில் நிக்கும்போது பிடிச்சா தைலம் அவனை அடிக்கும். வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திட்டான்னா தைலம் வெளியே நின்னு மணக்கும், அவ்வளவுதான். காய்ச்சல் வந்து அஞ்சு நாள் ஆன ஒருத்தர் உடம்பில் திருடன் எங்கே இருப்பான்? (ஹெர்ப்பிஸுக்கு உண்மையான மருந்தான அசைக்ளோவிர், செல்லுக்குள் புகுந்த பிறகு வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கிற வேலையைத்தான் கெடுக்கும். அதை உருவாக்கின குழுவின் தலைவி கெர்ட்ரூட் எலியனுக்கு 1988-ல் நோபல் கிடைச்சது.)

தைலம் வெளியே நிக்கிற வைரஸை எப்படி அடிக்குதுன்னும் ஒரு ஊகம் இருக்கு. ஹெர்ப்பிஸ் மாதிரி சில வைரஸ்களுக்கு மேலே ஒரு கொழுப்புப் போர்வை உண்டு. எண்ணெய் அதைக் குலைச்சுடும். சோப்பு செய்யறதும் கிட்டத்தட்ட அதுதான். போர்வை இல்லாத வைரஸ்? இத்தாலியின் மோதெனா நகரில் 2008-ல் யூகலிப்டஸ் எண்ணெயை வச்சுப் பார்த்தாங்க. போர்வை இல்லாத அடினோ வைரஸை ஒண்ணும் செய்ய முடியலை. போர்வை உள்ள பொன்னுக்குவீங்கி வைரஸில் லேசான பலன் மட்டும் கிடைச்சது.

தைலமரத்தோடு கதை முடியலை. நம்ம மாவட்டத்தில் மாறாமலை, கரும்பாறை பக்கம் விளையுற கிராம்புக்குப் புவிசார் குறியீடே இருக்கு. அந்தக் கிராம்பு எண்ணெயின் முக்கியப் பொருளான யூஜினாலை 2000-ஆம் ஆண்டில் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெண்டு பேர் ஹெர்ப்பிஸுக்கு எதிராச் சோதிச்சு, பலன் இருக்குன்னு எழுதினாங்க. எலுமிச்சைப்புல் எண்ணெயை 2003-ல் ஜப்பானியர்கள் சோதிச்சு, 0.1 சதவீதத்தில் ஹெர்ப்பிஸ் பெருக்கமே நின்னு போச்சுன்னாங்க. இப்படித் தேடினா ஒவ்வொரு மசாலா டப்பாவுக்கும் ஒரு கட்டுரை கிடைக்கும். கேள்வி என்னன்னா, தட்டில் இருந்து மனுஷனுக்கு வந்தது எத்தனை?

இந்தக் கேள்விக்கு நம்ம தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய பதில் இருக்கு. அது வாசனை எண்ணெய் இல்லை, ஒரு பூண்டு. ஆனா தட்டில் ஆரம்பிச்சு மனுஷன் வரைக்கும் முழு தூரமும் போன கதை. அதனால சொல்லியே ஆகணும்.

கீழாநெல்லி. மஞ்சள்காமாலைன்னா மோரில் அரைச்சுக் குடிக்கிறது நம்ம பாட்டிமார் காலத்துப் பழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில், அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் இருந்த பேராசிரியர் எஸ்.பி.தியாகராஜன் குழு, 1982-ல் ஒரு கட்டுரை போட்டாங்க. கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் ஹெபடைடிஸ்-பி வைரஸின் மேற்பரப்புப் புரதத்தைச் சோதனைக் குழாயில் செயலிழக்க வைக்குதுன்னு. அந்த வைரஸைக் கண்டுபிடிச்சு 1976-ல் நோபல் வாங்கின பரூக் பிளம்பர்க் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இருந்தார். அவரும் வெங்கடேஸ்வரன், மில்மன் என்ற சக ஆய்வாளர்களும் கீழாநெல்லிச் சாற்றை எடுத்து, 1987-ல் குழாயிலும், இதே குடும்பத்து வைரஸ் தாக்கிய வுட்சக் என்ற அணில் இன விலங்கிலும் சோதிச்சு, பலன் இருக்குன்னு வெளியிட்டாங்க.

இங்கே நிறுத்தியிருந்தா, எல்லாரும் காலம் பூரா "அமெரிக்காவே ஒத்துக்கிச்சு" என்று சொல்லிக்கிட்டுத் திரியலாம். அவங்க நிறுத்தலை. சென்னையில் நோய்க்கிருமியைச் சுமந்துக்கிட்டிருந்த மனுஷங்களுக்கே கொடுத்தாங்க. ஒரு பகுதிக்குக் கீழாநெல்லிப் பொடி, இன்னொரு பகுதிக்கு வெறும் போலி மாத்திரை. 30 நாள். 1988-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்தப் புரதம் காணாமல் போச்சு, 59 சதவீதம். போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருத்தருக்கு மட்டும்.

இந்த எண்ணைப் பார்த்தா யாருக்கும் உடம்பு சிலிர்க்கும். உலகத்தில் கோடிக்கணக்கான பேருக்கு இருக்கிற நோய். நம்ம வேலியோரத்துப் பூண்டு.

ஆனா அடுத்து நடந்ததுதான் அறிவியல். தாய்லாந்தில் செஞ்சு பார்த்தாங்க, பலன் இல்லை. நியூசிலாந்தில் செஞ்சு பார்த்தாங்க, இல்லை. செடியின் இனம் வேறயா, விளைஞ்ச மண் வேறயா, நோயாளிகள் வேற மாதிரியான்னு வருஷக்கணக்கில் விவாதம். (1987 கட்டுரையில் செடியின் பெயர் பில்லாந்தஸ் நிரூரி, 1988-ல் பில்லாந்தஸ் அமாரஸ். பெயரிலேயே குழப்பம் இருந்தது.) 2011-ல் காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த சோதனைகளை எல்லாம் ஒண்ணாச் சேர்த்துப் பார்த்து, போலி மாத்திரையை விடக் கீழாநெல்லி மேல்னு சொல்ல நம்பகமான ஆதாரம் இல்லைன்னு முடிச்சுது.

இதைத் தோல்விக் கதையாச் சொல்ல எனக்கு மனசில்லை. தரமணிக்காரங்க போலி மாத்திரை வச்சு, எத்தனை பேர், எவ்வளவு நாள், என்ன அளவுன்னு எல்லாத்தையும் எழுதி, உலகத்துக்கு முன்னாடி வச்சாங்க. அதனாலதான் இன்னொருத்தன் செஞ்சு பார்த்து "எனக்கு வரலையே" என்று சொல்ல முடிஞ்சுது. எங்க தொழிலில் ஒரு பழைய ஜோக் உண்டு. டெஸ்டர் தப்பு கண்டுபிடிச்சா, கோட் எழுதினவன் "என் மெஷின்ல ஓடுதே" என்பான். அடுத்தவன் மெஷினில் ஓடுதா என்பதுதான் சோதனை. தட்டு என்பது ஒரு யூனிட் டெஸ்ட். அது பாஸ் ஆகலைன்னா மேலே போக வேண்டாம். பாஸ் ஆச்சுன்னா... மேலே போகலாம், அவ்வளவுதான். அதை வச்சு நேரா ப்ரொடக்ஷனுக்கு, அதுவும் அப்பாவின் நுரையீரலுக்கு, அனுப்பக் கூடாது.

2020-ல் அந்தத் தட்டு கூட இல்லை. மார்ச் மாசமே ஜலந்தரில் இருந்து ரெண்டு பேர், சினியோல் கொரோனாவின் ஒரு நொதியில் போய்ப் பொருந்துதுன்னு கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு வெளியிட்டாங்க. டாக்கிங்னு சொல்லுவாங்க. தப்பில்லை, ஆயிரக்கணக்கான பொருளில் எதைச் சோதிக்கலாம்னு வடிகட்டுறதுக்கு அது உதவும். ஆனா செல்லும் இல்லை, வைரஸும் இல்லை, திரையில் ரெண்டு உருவம் ஒட்டுது. சாஃப்ட்வேர்க்காரனான எனக்கே அது புரிஞ்சிருக்கணும்.

அப்போ அப்பாவுக்கு வேது பிடிச்சப்போ மூச்சு நல்லா வந்ததே, அது பொய்யா? பொய் இல்லை. இங்கேதான் அந்தக் காய்ச்சல் மரம் ஞாபகம் வருது. 2002-ல் கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸ் குழு, குளிரை உணர்ற ஒரு நரம்பு வாயிலைக் கண்டுபிடிச்சாங்க. மென்தாலும் சினியோலும் அதே வாயிலைத் திறக்கும். மூக்குக்குள் குளிர்ந்த காற்று போறதா மூளைக்குச் சேதி போகும். மென்தாலை வச்சு 1980-களில் கார்டிஃபில் அளந்து பார்த்தப்போ, மூக்கு திறந்துடுச்சுன்னு ஆளுங்க சொல்றாங்க, கருவியில் காற்றுத் தடை மாறவே இல்லை. சினியோலுக்கு வேற நல்ல குணமும் உண்டு. ஜெர்மனியில் 2004-ல் சைனஸ் அழற்சி உள்ள 152 பேரிடம் சோதிச்சதில், சினியோல் மாத்திரை சாப்பிட்டவங்களுக்குத் தலைவலியும் மூக்கடைப்பும் குறைஞ்சது. வீக்கத்தைத் தணிக்குது, வைரஸைக் கொல்லலை. வெறும் வேதுவைப் பத்தி, சாதாரண ஜலதோஷத்துக்குக் கூட ஒரே மாதிரியான பலன் இல்லைன்னு 2017-ல் காக்ரேன் சொல்லியிருக்கு.

பலன் உண்மை, காரணம் வேற. அப்பாவுக்கு மூச்சு லேசா வர்ற மாதிரி இருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிக்கிட்டே இருந்தது. அந்தச் சுகம்தான் அவரை ரெண்டு நாள் வீட்டில் உட்கார வச்சது.

தைலம் சாதுவும் இல்லை. குழந்தைகள் கொஞ்சம் குடிச்சாலே வலிப்பு வரலாம். முகர்ந்தாலே சிலருக்கு வலிப்பு வந்ததைப் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2017-ல் எழுதியிருக்காங்க. கொதிக்கிற சருவம் கவிழ்ந்து வெந்து போறது தனிக் கணக்கு. 2021 மே மாசம் தமிழ்நாட்டில் பொது இடங்களில் குழாய் வச்சுக் கூட்டமா ஆவி பிடிக்க ஆரம்பிச்சப்போ, சுகாதாரத்துறை அமைச்சர் மா.சுப்பிரமணியன் பொது இடத்தில் அப்படிச் செய்ய வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். அதையும் எங்க குடும்பக் குழுவில் யாரோ போட்டிருந்தாங்க. என் மஞ்சள் வரிக்கு நாப்பது லைக், அதுக்கு ஒண்ணும் இல்லை :-(

இப்போ யாராவது 'செடி வைரஸைக் கொல்லுது' என்று எதையாவது அனுப்பினா நான் நாலு கேள்வி கேட்கிறேன். எந்த வைரஸ்? செல்லைக் கொல்ற அளவுக்கும் வைரஸைக் கொல்ற அளவுக்கும் இடைவெளி எவ்வளவு? எண்ணெயை எப்போ சேர்த்தாங்க, புகுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? மனுஷனில் பார்த்தாங்களா, வேற ஊரில் இன்னொருத்தர் செஞ்சும் அதே பலன் வந்ததா? முதல் மூணுக்கும் பதில் பெரும்பாலும் கட்டுரைச் சுருக்கத்திலேயே இருக்கும். ஒரு நிமிஷம் போதும். நான் அந்த ஒரு நிமிஷத்தைத்தான் செலவழிக்கலை.

அந்த பாட்டில் இன்னும் அலமாரியில் இருக்கு. போன மாசம் அப்பாவுக்கு ஜலதோஷம். அம்மா சருவத்தில் வெந்நீர் வச்சுட்டாங்க. அப்பா பாட்டிலைக் கையில் எடுத்துட்டு என்னைப் பார்த்து, "என்ன மக்களே, விடலாமா? உனக்க ஜெர்மனிக்காரன் என்ன சொல்லுகான்?" என்றார்.

"நாலு சொட்டு விடுங்கப்பா. மூக்குக்குச் சுகமா இருக்கும்" என்றேன். விரலில் மாட்டுற மீட்டரை எடுத்துட்டு வந்து பக்கத்தில் வச்சேன். இப்போ அது எங்க வீட்டுக்கே சொந்தமா ஒண்ணு இருக்கு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கோட் அடிக்கிறவன். மூச்சு வாங்கினா இந்தப் பதிவைப் படிச்சுட்டு உட்கார்ந்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க.